குறுக்கு ஸ்க்ரூ வைத்த துப்பாக்கி

எனக்குத் துப்பாக்கி மேல் ஆசையெல்லாம் கிடையாது. அன்றைக்கு எனக்கு இருந்தது கோபம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் எங்கள் தமிழ்க் கூட்டத்தில் என்னைப் பற்றி வகை வகையாகக் கதை உலவுகிறது. வேலை போனதில் மூளை குழம்பிவிட்டதாம். மெனோபாஸாம். டெக்சஸ்காரியாகவே மாறிவிட்டேனாம். ஒரு மண்ணும் இல்லை. ஒரு ஆள் என் முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொன்னான், எனக்குச் சுருக்கென்றது, அவ்வளவுதான்.

வேலை போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரு எனர்ஜி கம்பெனியில் துரு பார்க்கிற வேலை எனக்கு. பைப், வால்வு, டேங்க் என்று எதில் எங்கே துரு பிடித்திருக்கிறது, எவ்வளவு தின்றிருக்கிறது, இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். நான் கோயம்புத்தூர்க்காரி. லேத் சத்தம் கேட்டு வளர்ந்தவள். இரும்பைத் தொட்டுப் பார்த்தே பாதி சொல்லிவிடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினைந்து நிமிட வீடியோ காலில், என் வயதில் பாதி இருக்கிற ஒரு பெண் என் உழைப்புக்கு நன்றி சொன்னாள். பிறகு லேப்டாப்பை எந்த முகவரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சொன்னாள். ஐம்பத்து மூன்று வயதில் வீட்டில் உட்கார்ந்தேன். எங்கள் வட்டத்தில் ஒருத்தி, "ஆன்ட்டி, நீங்க ஏன் குழந்தைங்களுக்கு ஸ்லோகம் கிளாஸ் எடுக்கக் கூடாது?" என்று கேட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை கண்காட்சி மைதானத்தில் செடி விற்பனை. முருங்கைக் கன்று வாங்கப் போனேன். பக்கத்து ஹாலில் கன் ஷோ. வெயில் தாங்காமல் ஏசிக்காகத்தான் உள்ளே நுழைந்தேன். மேசை மேசையாகத் துப்பாக்கிகள். ஒரு ஓரத்தில், குப்பையோடு குப்பையாக, பழைய ராணுவ ரைஃபிள் ஒன்று கிடந்தது. இரும்பெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது. குழலுக்குக் கீழே முனை வரைக்கும் ஓட வேண்டிய மரத்தை, மான் வேட்டைக்குக் கனம் குறையட்டும் என்று எவனோ எப்போதோ பாதியில் அறுத்திருந்தான். கைப்பிடிக்கு மேலே இருந்த இரும்பு வளையத்தில் ஏதோ முத்திரை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். சிங்கம். நம் ரூபாய் நோட்டில் இருக்கிற அதே சிங்கம்.

நான் பார்ப்பதைப் பார்த்து மேசைக்காரன் எழுந்து வந்தான். அது இந்தியாவில் செய்தது, சரிசெய்வதில் பிரயோஜனம் இல்லை, பாகங்களைக் கழற்றி விற்கத்தான் லாயக்கு என்றான். அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எரிந்தது. பிறகு மரத்தில் குறுக்காக ஏறியிருந்த ஒரு ஸ்க்ரூவைத் தொட்டுக் காட்டினான். "பார், மரம் தாங்காது என்று நடுவில் ஒரு ஸ்க்ரூவை அடித்திருக்கிறார்கள். அவர்கள் வேலையெல்லாம் இப்படித்தான்" என்று சிரித்தான்.

நான் அந்த ஸ்க்ரூவைப் பார்த்தேன். அது ஒட்டுப்போட்ட வேலை இல்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் இரும்பு பின்னால் உதைக்கும், அந்த உதையில் மரம் சரியாக எந்த இடத்தில் பிளக்கும் என்று தெரிந்த ஒருத்தன் அங்கே அதை வைத்திருக்கிறான். மேசைக்காரனுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என்னை வேலையை விட்டு அனுப்பியவர்களுக்கும் அப்படித் தெரியாதது நிறைய இருந்தது என்று அப்போதே எனக்குத் தோன்றியது. "பில் போடு" என்றேன். படிவம் நிரப்பி, போலீஸ் சரிபார்ப்பு முடிந்து, ஒரு கையில் முருங்கை, இன்னொரு கையில் அதுவுமாக வீடு வந்து சேர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்தார்.

"என்ன அம்மிணி இது?"

"முருங்கை."

"அந்தக் கையில இருக்கறதக் கேட்டேன்."

எங்கள் வீட்டில் சண்டை என்றால் நான் கத்துவேன், அவர் ஐடி கம்பெனி மீட்டிங் மாதிரி மெதுவாகப் பேசுவார். அன்றைக்கு அவர் கத்தினார். "உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? நம்ம நெறத்துல ஒரு ஆளு துப்பாக்கியோட கராஜ்ல நிக்கறதப் பாத்து எவனாச்சும் போலீசக் கூப்புட்டா, வர்றவன் கேள்வி கேட்டுட்டா சுடுவான்?" என்றார். அவர் பயந்தாங்கொள்ளி இல்லை, அவர் சொன்னது உண்மை. ஆனால் எனக்கு அந்த மேசைக்காரன் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் காபியை வைத்துவிட்டு நான்தான் ஆரம்பித்தேன். "ஏனுங்க, ஊருக்கு வெளிய ஒரு க்ளப் இருக்குதுங்க. வருசா வருசம் அக்டோபர்ல பழைய ராணுவ ரைஃபிளுக்கு மட்டும் மேட்ச் வெக்கறாங்க. அன்னைக்கு எப்படித் தொழிற்சாலைய விட்டு வந்துச்சோ அப்படியே இருந்தாத்தான் உள்ள விடுவாங்க. இத நான் அப்படிச் செஞ்சு காட்றேன்."

அவர் காபியைக் குடித்து முடித்தார். "உள்ள விட்டா வெச்சுக்க. விடலீன்னா அன்னைக்கே வித்துப்போடோணும்."

"சரிங்க. விட்டுட்டா, அப்பறம் அதப் பத்தி ஒரு வார்த்த பேசப்படாது."

"பேசல."

அதோடு அவர் கராஜ் பக்கம் காலெடுத்து வைப்பதை நிறுத்திக்கொண்டார். எங்கள் இரண்டாவது ஃப்ரிட்ஜ் கராஜில்தான் இருக்கிறது. பால் வேண்டும் என்றால் வாசற்படியில் நின்று கூப்பிடுவார், நான் எடுத்துக் கொடுக்க வேண்டும். வசந்தம் போய், கோடை போய், அக்டோபர் வரைக்கும் இதே கூத்து. நானும் அவர் சொன்னதை மதித்து கராஜ் கதவை ஒரு நாளும் திறந்து வைக்கவில்லை. ஹூஸ்டன் ஆகஸ்டில் மூடிய கராஜுக்குள் வேலை பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் புழுக்கம் தெரியும்.

எல்லாவற்றையும் கழற்றினேன். வெளியே கண்றாவியாக இருந்த குழல் உள்ளே கண்ணாடி மாதிரி இருந்தது. பக்கத்து ஊரில் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோய், சுடுவதற்குப் பத்திரம்தானா என்று அளந்து பார்க்கச் சொன்னேன். நன்றாகவே இருக்கிறது என்றார். முனையில் மாட்டுகிற இரும்புத் தொப்பி, மரத்தையும் குழலையும் சேர்த்துப் பிடிக்கிற வளையங்கள், ஒரு ஸ்பிரிங் என்று அறுத்தவன் தூக்கி எறிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். எல்லாம் ஒரிஜினல், எல்லாவற்றிலும் அந்த இந்தியத் தொழிற்சாலை முத்திரை. மரம்தான் கிடைக்கவில்லை. பழைய மரம் என்று வந்த முதலாவதைப் பூச்சி தின்றிருந்தது. இரண்டாவது பெட்டியைத் திறக்கும்போதே இரண்டாகப் பிரிந்தது.

அதனால் புது மரம் வாங்க முடிவு செய்தேன். இப்போது ஒரு பட்டறையில் வால்நட் மரத்தில் செய்து விற்கிறார்கள். அதை இணையத்தில் இந்தப் பழைய ரைஃபிள்காரர்கள் கூடுகிற இடத்தில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டார்கள். புது மரம் போட்டால் அது ரைஃபிளே இல்லை, பொம்மை என்றான் ஒருத்தன். அறுத்தது அறுத்ததாகவே இருக்கட்டும், அதுவும் வரலாறுதான் என்றான் இன்னொருத்தன். எனக்குக் கடைவாயில் இரண்டு பல் டாக்டர் செய்து வைத்தது. அதற்காக நான் பொம்மையா என்று கேட்டு எழுதினேன்.

புது மரம் வந்தது. ஆனால் அது, இதே ரைஃபிளை இங்கிலாந்தில் செய்த அச்சைப் பார்த்துச் செய்த மரம். அதில் குறுக்கு ஸ்க்ரூவுக்கு ஓட்டை இல்லை. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் மரம் இரும்போடு உட்கார வேண்டும். பின்பக்கம் இரண்டு சின்ன இடங்களில் மரம் இரும்பை இறுக்கிப் பிடிக்காவிட்டால், குண்டு ஒவ்வொன்றும் ஒரு திசைக்குப் போகும். எங்கள் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் நீலச் சாயத்தைத் தடவி இன்னொன்றோடு அழுத்துவார்கள், சாயம் எங்கே ஒட்டுகிறதோ அந்த மேட்டைச் சுரண்டுவார்கள். என்னிடம் நீலச் சாயம் இல்லை. கண்மை டப்பா இருந்தது. இரும்புக்கு மை தடவி, மரத்தில் அழுத்தி, எடுத்து, கறுத்த இடத்தை மட்டும் ஒரு முடி அளவு சுரண்டி, மறுபடியும் தடவினேன். ஐந்து வாரம் ஆனது. பிள்ளையார் சதுர்த்திக்குப் போன வீட்டில் சுண்டல் வாங்கக் கை நீட்டினேன். "என்ன ஆன்ட்டி, நகமெல்லாம் மை?" என்றாள் அந்த ஸ்லோகக்காரி.

"துப்பாக்கிக்கு மை வெச்சேன்" என்றேன். சுண்டல் நன்றாக இருந்தது.

ஓட்டை போடும் வேலையைக் கடைசியில்தான் செய்தேன். எனக்குப் பயம். ஒரு தடவைதான் போட முடியும், கால் மில்லிமீட்டர் விலகினாலும் அந்த மரம் போச்சு. அறுபட்ட பழைய மரத் துண்டில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. அதிலிருந்து அளவெடுத்தேன். மூன்று நாள் அளந்தேன். நாலாம் நாள் ட்ரில்லை இறக்கினேன். பழைய ஸ்க்ரூ புது மரத்துக்குள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. கராஜில் தனியாக நின்று கை தட்டினேன். உள்ளேயிருந்து அவர், "என்னாச்சு?" என்று குரல் கொடுத்தார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

பிறகு இரும்புக்குக் கறுப்பு ஏற்றும் வேலை. இருபத்திரண்டு வருடம் நான் செய்ததற்கு நேர் எதிரான வேலை இது. இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட வேண்டும். அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் செந்துரு கறுப்பாக மாறும். மேலே நிற்கிற பொடியைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. ஏழு தடவை செய்தேன். கடைசியில் ஒரு கறுப்பு வந்தது பாருங்கள், ஆழமாக, சாந்தமாக. எண்ணெய் பூசி வைத்தேன். ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்ப்பேன்.

அந்த வருடம் மேட்ச் விழுந்தது விஜயதசமி அன்று. முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அவர் இலாகா. கார், லேப்டாப், மிக்சி, குக்கர், புல்வெட்டி என்று ஒன்று விடாமல் பொட்டு வைப்பார். நான் காலையில் கோவிலுக்குப் போய்விட்டு வந்தேன். ஹாலில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வெள்ளைத் துண்டு விரித்திருந்தது. அதில் புத்தகங்கள், என் ஸ்க்ரூட்ரைவர் செட், என் வெர்னியர், எல்லாவற்றுக்கும் நடுவில் நீளமாக அது. குழல் ஆரம்பிக்கிற இடம் கொஞ்சம் நெற்றி மாதிரி வளைந்திருக்கும். அங்கே கால் டாலர் காசு அகலத்துக்குச் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம்.

கையிலிருந்த பிரசாதத்தைக் கீழே வைத்தேன்.

"எண்ணெய் எண்ணெயா இருந்துச்சு, சந்தனம் ஒட்டல" என்றார் அவர். "பாத்தரம் வெளக்கற சோப்பு போட்டு நல்லாத் தொடச்சுட்டுத்தான் வெச்சேன்."

எண்ணெயைச் சுத்தமாக எடுத்த இரும்பு. மேலே ஈரச் சந்தனம், குங்குமம். அதோடு ஹூஸ்டன் காற்று. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை எடுக்கவும் கூடாது, தொடவும் கூடாது. என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? அதைச் சொல்லித்தானே இருபத்திரண்டு வருடம் சம்பளம் வாங்கினேன்! நாளைக்குக் காலையில் க்ளப்பில் சோதிக்கிற ஆள் இதை மேசையில் வைத்துப் பார்க்கப் போகிறார். இவ்வளவு நாள் உழைப்பு. வாயைத் திறந்துவிட்டேன், கத்தத்தான் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது, இவர் கராஜுக்குள் போயிருக்கிறார். தன் கையால் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்.

"பயமா இல்லீங்களா?"

"இருந்துச்சு" என்றார். "அதுக்காக ஆயுத பூஜைல ஆயுதத்த உட்டுப்போட்டு மிக்சிக்கு மட்டும் பொட்டு வெக்கறதா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. துடைக்க ஒரு துணியும் இரண்டு சொட்டு எண்ணெயும் போதும். துடைக்கவில்லை. அவர் சூடத்தை ஏற்றினார். நான் மணி அடித்தேன்.

விடிந்ததும் மறுபூஜை செய்து, வழக்கப்படி எல்லாவற்றையும் இம்மி நகர்த்தி வைத்த பிறகு பொட்டைத் துடைத்தேன். அடியில் அச்சாக ஒரு வட்டம், பழுப்பாக. நடுவில் குங்குமம் இருந்த இடம் இன்னும் அடர்த்தியாக.

"இது என்ன கறை?" என்றார்.

"துரு."

"தேச்சாப் போயிருமா?"

"போகும். கூடவே நான் ஏழு தடவ வேக வெச்ச கறுப்பும் போகும்."

அவர் முகம் செத்துப்போனது. "அப்ப மேட்ச்?" என்றார். அதுவரைக்கும் அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. "கெளம்புங்க" என்றேன்.

க்ளப்பில் ஒரு தகரக் கொட்டகை. வரிசையில் பத்தொன்பது பேர், என்னைத் தவிர எல்லாரும் வெள்ளைக்கார ஆண்கள். மேசையில் தொப்பி வைத்த ஒரு பெரியவர் லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு துப்பாக்கியையும் பாகம் பாகமாகப் பார்த்து ஒரு அட்டையில் டிக் அடித்துக்கொண்டிருந்தார். விதி எளிதானது. உடைந்த பாகத்துக்குப் பதில் அதே மாதிரி புதுப் பாகம் போடலாம். தொழிற்சாலை வைக்காத எதையும் சேர்க்கக் கூடாது. என் முறை வந்தது. மரத்தைத் தடவிப் பார்த்தார், புது மரம், நல்ல வேலை என்றார். பிறகு அவர் விரல் குறுக்கு ஸ்க்ரூவில் நின்றது.

"இது யாரோ பின்னால் சேர்த்தது. அனுமதிக்க முடியாது."

"இது தொழிற்சாலை வைத்தது" என்றேன்.

தலையை ஆட்டினார். இந்த ரகத்தில் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறாராம், புத்தகத்துப் படத்திலும் இல்லையாம். பின்னால் வரிசை முணுமுணுத்தது. என் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர், "உட்டுரு அம்மிணி, போயரலாம்" என்றார்.

எங்கே போவது? நான் தோளில் மாட்டியிருந்த மஞ்சப்பையைத் திறந்தேன். அதற்குள் அந்த அறுபட்ட பழைய மரத் துண்டு. மேசையில் டொக்கென்று வைத்தேன். காலங்காலமாக எண்ணெய் ஊறிக் கறுத்த ஓட்டை, அதன் வாயில் ஸ்க்ரூத் தலை பதிந்த தடம், பக்கத்திலேயே மரத்தில் அடித்த சின்ன முத்திரை. இரும்பில் இருக்கிற அதே முத்திரை. "நீங்கள் படத்தில் பார்த்தது இங்கிலாந்தில் செய்தது. இது இந்தியாவில் செய்தது. மரம் எங்கே பிளக்கிறது என்று பார்த்து, பிளக்காமல் இருக்க அவர்கள் வழி செய்தார்கள். இதை ஒட்டுவேலை என்று என்னிடம் சொல்லாதீர்கள். இதற்குப் பெயர் இன்ஜினியரிங்" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போனது.

அவர் லென்ஸை எடுத்தார். துண்டைப் பார்த்தார், இரும்பைப் பார்த்தார், இன்னொருவரைக் கூப்பிட்டு அவரிடமும் காட்டினார். கடைசியில் அட்டையை இழுத்தார். மரம், மாற்று. ஸ்க்ரூ, ஒரிஜினல். டிக்.

அப்போதுதான் அவர் அந்த வட்டத்தைப் பார்த்தார். அடடா, இவ்வளவு நல்ல கறுப்பில் துரு என்று வருத்தப்பட்டார். நல்ல மனிதர்தான், இரும்பு நாரையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு, ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று கையைக் கொண்டு வந்தார்.

"கை வைக்காதீர்கள்" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். "ஏன், இதுவும் ஒரிஜினலா?" என்றார் கிண்டலாக.

"இல்லை. இது பின்னால் சேர்த்தது. நேற்று என் புருஷன் வைத்தது. இது அங்கேதான் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால், தயிர்சாத டப்பாவோடு கையைப் பிசைந்துகொண்டு நின்ற என் மனிதரைப் பார்த்தார். இரும்பு நாரைக் கீழே வைத்துவிட்டு அட்டையில் கையெழுத்துப் போட்டார்.

பத்தொன்பது பேரில் பதினோராவதாக வந்தேன். மோசமில்லை. முதல் குண்டு சுட்டதும் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, கண்ணை மட்டும் மூடாமல் நின்றார்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் ஒரு இருபது மைல் வந்திருப்போம். அவர் தொண்டையைச் செருமினார்.

"ஒரு வார்த்த பேசப்படாதுன்னு ஒப்பந்தம்" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் அம்மிணி. அடுத்த வருசம் பொட்டு வெக்கட்டுமா, வேண்டாமா?"

"வைங்க" என்றேன். "அதே எடத்துல வைங்க."